கூட்டுரோட்டு அறை

வியாழன் இரவு. வேப்பூர் கூட்டுரோட்டில் இறங்கும்போது மணி பத்தரை. ஐப்பசித் தூறல். சென்னை–திருச்சி சாலையும் விருத்தாசலம்–சேலம் பக்கத்துச் சாலையும் சந்திக்கிற இடம். எந்தப் பக்கம் போகவும் பஸ் உண்டு. இந்த லாட்ஜுக்கு இருக்கிற ஒரே பெருமையும் அதுதான். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால் படுக்கை.

"அதே ரூம்தானே சார்?"

இனி இந்த ரூமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போன வருஷம் கிளம்பினேன். பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டேன்.

*

மெத்தையில் அதே குழி. என் முதுகுக்கு இப்போது அது பழகிவிட்டது. குழாய் சொட்டுகிறது. சுவருக்கு எத்தனையோ முறை பெயிண்ட் அடித்துவிட்டார்கள். கதவுக்கு மேலே இருக்கிற இரண்டு பீங்கான் ஃபியூஸ் மட்டும் வெள்ளை மாறாமல் இருக்கின்றன. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு காலத்தில் இந்த மாதிரி மின்சாமான்களுக்கு நல்ல கிராக்கி. இப்போது வீட்டுக்கு வீடு தானாக விழுகிற சுவிட்ச் வந்துவிட்டது. அகல் விளக்கும் கொலு பொம்மையும் சூளையைக் காப்பாற்றுகின்றன. நான் வருவதும் கார்த்திகைக்கு அகல் எடுக்கத்தான்.

*

வெந்நீர் கேட்க மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தேன். ரூம் பாய் என்று பெயர். வயது என்னைவிடக் கூட. "பெரியவரே" என்றேன், மரியாதையாக.

"பெரியவர்னும் கூப்பிடுறீங்க, மாடிக்கு வெந்நீரும் கேக்குறீங்களே சார்!"

சிரித்துவிட்டேன். விருத்தாசலத்துத் தலக்கதை ஒன்று உண்டு. ஊரின் பழைய பெயரே முதுகுன்றம்; சுவாமி பழமலைநாதர், அம்மன் விருத்தாம்பிகை. எல்லாமே முதுமை. திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் இங்கே தங்கிய குருநமசிவாயர், பசி தாளாமல் அம்மனைக் கிழவி என்று பாடிச் சோறு கேட்டாராம். கிழவியாகவே வந்து நின்ற அம்மன், இந்த வயதில் நான் எப்படி அப்பா சோறும் தண்ணீரும் சுமந்து வருவேன் என்றாளாம். அவர் இளமையாகப் பாட, சின்னப் பெண்ணாகிச் சோறு கொண்டு வந்தாளாம். பாலாம்பிகைக்கு அந்தக் கோயிலில் தனிச் சன்னதியே இருக்கிறது. பசியோடு வழியில் தங்கினவன் எவனுக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான்.

"தம்பி, ஒரு பக்கெட் போதும்" என்றேன். வந்தது. நல்ல சூடு.

*

விடியுமுன்னே கத்தல். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. ஜன்னலைத் திறந்தால் ஈர ரோமத்தின் வாடை. தீபாவளி நெருங்குவதால் வண்டி வண்டியாக வந்து இறங்குகின்றன. பேரம் மட்டும் காதில் விழவில்லை; துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுகிற பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது.

தூங்க முடியவில்லை. கோபமும் வரவில்லை. எதிரே டீக்கடை, அதை ஒட்டி விருத்தாசலம் பஸ். வசதியான, புது விடுதி ஒன்றில் போய்த் தங்கிப் பார்த்தேன் ஒரு வருஷம். அறை அருமை, பஸ்ஸுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது.

சாவியைக் கொடுக்கும்போது இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் வருவதானால் வியாழக்கிழமை மட்டும் முன்பே போன் செய்துவிடுங்கள். ஆட்டு வியாபாரிகள் எல்லா அறையையும் எடுத்துவிடுவார்கள்.