எத்தனை வருஷம்?

போன மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளி காலைகளில் ஃபர்வானியாவில் எங்கள் தெரு பத்து மணிவரை தூங்கும். ஏழு மணிக்கே அலைபேசி அடித்தது. அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண். அவர் கணவர் என் அடுத்த கட்டடத்தில் ஆறு பேரோடு ஓர் அறையில் இருந்தவர். ஒரு கம்பெனியின் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். செப்புக் கேபிள் உருளைகள் காணாமல் போன வழக்கில் இரண்டு வாரங்களாக உள்ளே இருக்கிறார். மொத்தம் ஐயாயிரம் தினார் என்கிறார்கள். மூன்று முறை வண்டிக்குக் கேட் பாஸ் போட்டுக் கொடுத்ததை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

“எத்தனை வருஷம் வரும்ண்ணே? நீங்க படிச்சவுக. கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்க.”

மதிப்பிட்டுச் சொல்வதுதான் என் பிழைப்பு. ஒரு மென்பொருள் எப்போது முடியும் என்று கேட்டால் குறைந்தபட்சம், பெரும்பாலும், அதிகபட்சம் என மூன்று எண்கள் கொடுப்பேன். தவறினால் ஒரு மன்னிப்பு மின்னஞ்சல், புதிய தேதி. அந்தப் பழக்கத்தில் எக்செல்லைத் திறந்தேன். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

முதலில் கைகொடுத்தது நான் முதுகலை படித்த இங்கிலாந்து. அங்கே திருட்டுக்கு உச்சவரம்பு ஏழு ஆண்டு. ஆனால் 2016 முதல் நீதிபதியின் கையில் ஒரு வழிகாட்டு அட்டவணை இருக்கிறது. ஒரு பக்கம் குற்றவாளியின் பொறுப்பு, மறுபக்கம் பொருளின் மதிப்பும் விளைந்த கேடும். பெரும் நம்பிக்கையை உடைத்த திருட்டு, பத்தாயிரம் பவுண்டுக்கு மேல், ஒரு லட்சத்துக்குள் என்றால் இரண்டு ஆண்டிலிருந்து தொடங்கலாம். ஒன்று முதல் மூன்றரைவரை போகலாம். முதல் வாய்ப்பிலேயே ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு கழியும். எங்கள் ஆள் அந்தக் கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்தார். பதினாறு மாதம். ஆனால் அவர் இருப்பது குவைத்தில்.

நம் ஊர்ச் சட்டம் கூரையை மட்டும் காட்டும். 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சாதாரணத் திருட்டுக்கு மூன்றாண்டுவரை, வேலைக்காரர் முதலாளியின் பொருளைத் திருடினால் ஏழாண்டுவரை. 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே ஏழு. தரை கிடையாது. ஒரு நாளும் தரலாம், ஏழு வருடமும் தரலாம். வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று மாலிமத் குழு 2003இலேயே சொன்னது, இன்னும் வரவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. குவைத்தில் பிரிட்டிஷ் அதிகாரவரம்புக்கு உட்பட்டவர்கள் மீது ஒரு காலத்தில் பாய்ந்தது இதே இந்தியச் சட்டம்தான். 1961உடன் அது முடிந்தது. இப்போதிருப்பது 1960ஆம் ஆண்டின் 16ஆம் எண் சட்டம். வக்கீலைக் கேட்டேன். திருட்டு என்று எழுதுகிறார்களா, நம்பிக்கை மோசடி என்று எழுதுகிறார்களா என்பதைப் பொறுத்தது என்றார். “எதுவானாலும் கடைசியில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.” அந்த நாடு கடத்தலை எந்தக் கட்டத்தில் போடுவது? அவர் வாங்கிய கடனுக்கு அதுதான் பெரிய தண்டனை.

அட்டவணை மீது எனக்கு இருந்த பிரியம் அங்கேதான் ஆட்டம் கண்டது. அது தப்பாது. ஒரே குற்றத்துக்கு ஒரு நீதிபதி ஆறு மாதமும் அடுத்த அறைக்காரர் ஆறு வருடமும் கொடுப்பது அநியாயம் என்பதால்தானே அதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் கலிஃபோர்னியாவில் 2000இல் ஒருவர் மூன்று கோல்ஃப் மட்டைகளைக் கால்சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போனார். ஒவ்வொன்றும் 399 டாலர். பழைய குற்றங்கள் இருந்ததால் ‘மூன்றாம் முறை’ச் சட்டம் அவருக்கு இருபத்தைந்து ஆண்டு முதல் ஆயுள்வரை என்று கணக்குப் போட்டது. 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சரி என்றது. மட்டைக்கு அல்ல, இனிமேல் என்ன செய்வாரோ என்பதற்கு விழுந்த தண்டனை அது.

அந்த ‘இனிமேல்’தான் எனக்குப் பயம். நம் மதுரைப் பக்கம் அதை நன்றாக அறியும். 1871இல் வடக்கே தொடங்கி 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் செய்ததும் மதிப்பீடுதான்: இந்தச் சாதியில் பிறந்தவன் திருடுவான். ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி பேசியது. இன்று அதே வேலையை மென்பொருள் செய்கிறது. மறுபடி குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும் நிரலை நீதிபதி எச்சரிக்கையோடு பார்த்துக்கொள்ளலாம் என்று விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னது. நிரலின் உள்கணக்கு தொழில் ரகசியமாம். என் தொழிலில் எத்தனை ரகசியங்கள் வெறும் அவசரத்தில் எழுதியவை என்று எனக்குத் தெரியும்.

அதற்காக எல்லாவற்றையும் ஆளும் மனிதரின் மனசுக்கே விட்டுவிடலாமா? சிலம்பு காணாமல் போனது என்றதும் விசாரிக்காமல் கோவலனை வெட்டச் சொன்னதும் ஒரு மனசுதான். மதுரையில் அன்று ஓர் அட்டவணை இருந்திருந்தால், குறைந்தது அதை நிரப்புவதற்காகவாவது இரண்டு கேள்வி கேட்டிருப்பார்கள். நான் அட்டவணையின் பக்கம்தான். ஆனால் அதில் செய்த செயல் மட்டும் ஏறட்டும். செய்யப்போவதாக நாம் நினைப்பது வேண்டாம்.

இதெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லக்கூடியதா? திங்கட்கிழமை பேசினேன். “ரெண்டு, ரெண்டரை வருஷம்னு வச்சுக்கம்மா” என்றேன். எதை வைத்து? இங்கிலாந்துக் கட்டத்தை வைத்தா, வக்கீலின் குரலை வைத்தா, அவர் தாங்கக்கூடியதை வைத்தா? மூன்றையும் கூட்டி வகுத்தேன் என்பதுதான் உண்மை. அவர் நான் சொன்ன எண்ணைப் பிடித்துக்கொண்டார். சீட்டை நிறுத்தினார். நகையை மீட்பதற்குத் தள்ளித் தேதி கேட்டார். பெரிய பிள்ளை பத்தாவது முடிக்கையில் அப்பா வந்துவிடுவார் என்று சொல்லிவைத்தார். அந்த வீட்டைப் பொறுத்தவரை நான் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

வைகாசியில் தீர்ப்பு வந்தது: மூன்று வருடம், பின்பு நாடு கடத்தல். அழைத்துச் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்:

“புடிச்சு வச்சிருந்த அஞ்சு மாசமும் அதுல கழியுமாண்ணே?”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இந்த முறை எண் எதுவும் சொல்லவில்லை.