தோற்றவன் துரோகியா?

வென்றவனைப் போற்ற யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. தோற்றவனை எவ்வாறு நடத்துகிறோம் என்பதில்தான் ஒரு சமுதாயத்தின் பண்பு விளங்கும்.

1982ஆம் ஆண்டு டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. டிசம்பர் முதல் நாளன்று ஆடவர் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் 1–7 என்ற கணக்கில் தோற்றது. தமிழகத்து வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. நாட்டின் வேதனை ஓர் ஆளைத் தேடிற்று. கோல் காவலர் மீர் ரஞ்சன் நேகி கைக்கூலி பெற்று ஆட்டத்தை விற்றுவிட்டார் என்றனர். குற்றம் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் பல்லாண்டுகள் அப்பழியை அவர் சுமந்தார்.

களத்தில் நிற்பவர் பதினொருவர். ஏனையோரைக் கடந்த பிறகே பந்து கோல் காவலரிடம் வருகிறது. எங்கள் வடக்குப்பட்டை அடுத்த ஒரகடத்து மோட்டார் ஆலைகளில் பணிபுரியும் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். முடித்த வண்டியில் பழுது கண்டால், கடைசியில் நின்றவனைக் கள்வன் என்பதில்லை. எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று பின்னோக்கித் தேடுவர். இரும்புக்குக் காட்டும் நிதானத்தை மனிதனுக்குக் காட்டலாகாதா?

ஆட்டத்தை விற்றவன் தண்டனைக்குரியவனே. ஆனால் அதற்குச் சான்று வேண்டும். திறமைக் குறைவும் துரோகமும் ஒன்றல்ல.

அரபியில் 'ழன்' என்றொரு சொல் உண்டு. பெரும்பாலும் ஊகத்தைக் குறிக்கும். சிலவிடங்களில் உறுதியான நம்பிக்கையையும் குறிக்கும். மொழியில் இது வளம். மனத்தில் இவ்விரண்டும் கலந்துவிட்டால் கேடு. ஊகங்களில் பலவற்றைத் தவிர்க்குமாறு திருமறை பணிப்பதன் பொருத்தம் இங்கே விளங்கும்.

2021ஆம் ஆண்டு துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியக் கிரிக்கெட் அணி தோற்றபோது, முஹம்மது ஷமியை அவருடைய மதத்தைச் சொல்லி ஏசினர். அணித்தலைவர் விராட் கோலி வெளிப்படையாக அவர் பக்கம் நின்றார். நம்மவர் மேல் ஐயம் விழும்போது நாம் துடிக்கிறோம், அது நியாயமே. அதே நியாயம் நேகிக்கும் உண்டு. வாணிபத்தில் நொடித்த தம்பியை, 'பணத்தை எங்கே ஒளித்தாய்?' என்று கேட்கும் நம் வீட்டுத் திண்ணைக்கும் அது பொருந்தும்.

1998இல் பாங்காக் ஆசியப் போட்டியில், தன்ராஜ் பிள்ளை தலைமையிலான இந்திய அணி 32 ஆண்டுகளுக்குப் பின் ஹாக்கித் தங்கத்தை மீட்டது. அவ்வணியின் கோல் காவலர்களுக்குப் பயிற்சி அளித்தவர் அதே நேகி.

இறைவனுக்குச் செய்த பிழையை அவனிடம் முறையிட்டுப் போக்கிக்கொள்ளலாம். அடியானுக்குச் செய்த பிழையை அந்த அடியானே பொறுத்தாக வேண்டும். ஊரே கூடி ஒருவர் மேல் சுமத்திய பழிக்கு, யார் அவர் வாசலில் சென்று மன்னிப்புக் கேட்பது?