பேராலயப் பாடலும் செவியின்பமும்

பாடலின் பொருளைவிட அதன் இனிமையே உள்ளத்தைக் கவருமானால் அது பாவமே என்று 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில் தம்மைக் கடிந்துகொண்ட புனித அகுஸ்தீனார், வலுவற்ற மனங்களும் பக்தியில் எழக்கூடும் என்பதற்காகவே ஆலய இசையை ஏற்றார். ஆயரின் இருக்கை அமைந்த தலைமை ஆலயங்களாகிய இங்கிலாந்தின் பேராலயங்களும் 16ஆம் நூற்றாண்டில் இதே சிக்கலை எதிர்கொண்டன. சொல் தெளிவாகக் கேட்க இயன்றவரை ஓர் அசைக்கு ஒரு சுரமே வேண்டும் என்று கேன்டர்பரிப் பேராயர் தாமஸ் கிரான்மர் 1544இல் மன்னர் எட்டாம் ஹென்றிக்கு எழுதினார். இசையமைப்பாளர் தாமஸ் டாலிஸ் போன்றோர் அவ்வாறு எளிய பாடல்களை அமைத்தபோதிலும், பல குரல்கள் ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் பழைய பாணி அடியோடு மறையவில்லை, மறையாததே நன்று.

மாலை வழிபாட்டில் பாடகர் குழு இரு பிரிவாக எதிரெதிரே நின்று, சபையை நோக்காமல், விவிலியச் சங்கீதங்களின் அடிகளை மாறி மாறிப் பாடுகிறது. வாரநாள்களில் சிலரே வந்தமர்ந்தாலும் அந்த முறை மாறுவதில்லை. கேட்போரை மகிழ்விப்பதே நோக்கமாயின் இவ்வளவு உழைப்பு வீணே. அகுஸ்தீனாரின் அச்சம் கேட்பவரைப் பற்றியது. நாள்தோறும் பாடுபவருக்கோ இசை முதலில் கடமை, பிறகே இன்பம். நூற்றாண்டுகளாகச் சிறுவருக்கும் ஆடவருக்குமே உரியதாயிருந்த அக்கடமையில் சிறுமியருக்கும் இடமளித்து, சால்ஸ்பரிப் பேராலயம் 1991இல் அவர்களுக்கெனத் தனிக்குழுவை நிறுவியது.