அறியாதவர் சொன்ன விலை

ஒரு பொருளின் மதிப்பை வாங்குபவன் அறிவான், விற்பவர் அறியார். விற்பவர் தாமாகவே ஒரு சிறு விலையைக் கூறுகின்றார். வாய் திறவாது அவ்விலையைக் கொடுத்துப் பொருளைப் பெற்றுக்கொள்வது நியாயமாகுமா? ஏட்டளவில் இஃது எளிய கேள்வியே. ஈஜோக்கில் நம் வீட்டு வாசலுக்கே அது வந்து நின்றபோதுதான் அதன் கடினம் நமக்கு விளங்கிற்று.

நாம் தோட்டத்துக் கிராணி. நம்மிடம் இருப்பது 1980-களில் செய்யப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸ் 230இ கார். 'டபிள்யூ 123' எனப்படும் அவ்வரிசையில் ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. நம் காரில் கார்புரேட்டர் இல்லை. போஷ் நிறுவனம் 1973-இல் வெளிக்கொணர்ந்த கே-ஜெட்ரானிக் அமைப்பு உண்டு. எஞ்சின் இழுக்கும் காற்று ஒரு வட்டத் தகட்டை உயர்த்தும். தகட்டோடு இணைந்த நெம்புகோல் மெல்லிய தண்டொன்றை மேலேற்றும். தண்டு ஏறிய அளவுக்கு நுண்ணிய பிளவுகள் திறந்து, நான்கு சிலிண்டர்களுக்கும் பெட்ரோலைச் சமமாகப் பங்கிடும். தராசைப் போலவே வேலை செய்வது அக்கருவி.

நாற்பது ஆண்டுக்குப்பின் அத்தராசு பழுதாயிற்று. காரை நெடுநாள் ஓட்டாது நிறுத்திவைத்த குற்றம் நம்முடையதே. டாங்கியில் சேர்ந்த நீர் தண்டைத் துருப்பிடிக்கச் செய்துவிட்டது. ரப்பர் வளையம் கெட்டால் மாற்றலாம். தண்டும் துளையும் ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்தப்பட்டவையாதலால், துரு அரித்தபின் கருவி முழுவதையுமே மாற்றவேண்டும் என்றார் பட்டறைக்காரர். கிள்ளானில் பழைய சாமான் கடைகளில் தேடினோம். அங்கே நாம் கண்டவை பெரும்பாலும் ஜப்பானியக் கார்களின் உறுப்புகள். வெளிநாட்டிலிருந்து தருவிக்கவோ நம் ஒரு மாதச் சம்பளம் போதாது.

அந்நிலையில், காலஞ்சென்ற கண்டக்டர் ஒருவரின் மனைவியார் வீட்டின் பின்புறம் நின்ற அதே வகைக் காரைக் காட்டி, "இரும்புக்கடைக்காரன் அறுநூறு வெள்ளி தருகிறேன் என்கிறான். அதையே நீங்கள் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி" என்றார். கண்டக்டர் பெட்ரோலை வடித்துக் கூரையடியில் நிறுத்திய கார் அது. மூடியைத் திறந்து பார்த்தோம். கருவி பழுதின்றி இருந்தது. அஃதொன்றே அறுநூறு வெள்ளியினும் பன்மடங்கு பெறும்.

அன்றிரவு நம் மனம் நமக்காகவே வழக்காடிற்று. நாம் பொய் சொல்லவில்லை. விலை கூறியவர் அவரே. கருவியின் அருமையை அறிய நாம் பட்ட பாடு நம்முடையதன்றோ?

இவ்வழக்கு புதிதன்று. கி.மு. 44-இல் ரோமானிய அறிஞர் சிசரோ, கடமைகளைப் பற்றித் தாம் எழுதிய நூலில் இதனை ஆராய்ந்தார். பஞ்சத்தால் வாடும் ரோட்ஸ் தீவுக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து தானியத்துடன் ஒரு வணிகன் வருகிறான். பின்னால் பல கப்பல்கள் வருவதை அவன் மட்டுமே அறிவான். அதைக் கூறவேண்டுமா? கூறாதிருத்தல் மறைத்தலாகாது என்றார் டயோஜனிஸ். கூறியே தீரவேண்டும் என்றார் அவர் மாணவர் ஆண்டிபேட்டர். சிசரோவும் மாணவர் பக்கமே நின்றார்.

நாம் ஆசிரியர் பக்கம் நின்று பார்த்தோம், நிற்க முடியவில்லை. ரோட்ஸ் மக்கள் இன்று ஏமாந்தாலும், நாளை கப்பல்களைக் கண்டு உண்மை அறிவர். இவ்வம்மையாருக்கோ அக்கப்பல் என்றுமே வாராது. பட்ட பாட்டிற்குக் கூலி உண்டு என்பதை மறுக்கவில்லை. கழற்றும் கூலியையும், கருவி வேலை செய்யாமற்போனால் வரக்கூடிய நட்டத்தையும் விலையில் கழித்துக்கொள்ளலாம். அவருடைய அறியாமையைக் கழித்துக்கொள்ள நமக்கு உரிமை ஏது? அது நாம் உழைத்துத் தேடிய பொருளன்றே!

ரப்பர் காலத்தில் தொழிலாளி தம் பால் வாளியைக் கண்ணால் கண்டார். அப்பாலில் உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு எத்தனை என்பதைக் கணக்கிட்டது அலுவலகம். நிறுவையும் பேரேடும் கிராணியின் கையில் இருந்தன. அக்கணக்கை ஐயுற்று முணுமுணுத்த பாட்டன்மாரின் பேரர் நாம். நமக்கு இலாபம் வரும் வேளையில் அம்முணுமுணுப்பை மறந்துவிடுவோமாயின், நாம் கற்ற ஆங்கிலக் கல்வி எதற்கு? துலாக்கோலைப் பேசிய நடுவுநிலைமை அதிகாரத்திலேயே வணிகருக்குரிய அறத்தையும் வள்ளுவர் வைத்தது காரணமின்றியன்று.

மறுநாள் உண்மையைச் சொன்னோம். அம்மையார் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "நீங்கள் சொல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். கருவிக்கு 1,800 வெள்ளி என்று தீர்ந்தது; மூன்று தவணை. மீதிக் காரை அவரே இரும்புக்கடைக்கு விற்றார். நம் கார் இப்பொழுது ஓடுகின்றது. மூன்றாந் தவணை இன்னும் பாக்கி. நட்டம் நமக்கு உண்டு. இல்லையென்று சொல்ல மாட்டோம்.

அன்பர்களே, மலிவாக ஒன்று கிடைக்கும்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நாம் அறிந்ததை அறிந்த பின்னும் இவர் இதே விலைக்கு விற்பாரா? விற்பார் எனில் தயங்காது வாங்குங்கள். விற்கமாட்டார் எனில், முதலில் அவரிடம் சொல்லுங்கள்; விலை பேசுவது பிறகு ஆகட்டும்.