சாட்சியின் எடை

ஆங்கிலத்தில் தீயைக் குறிக்கும் சொல்லும் துப்பாக்கியைச் சுடச் சொல்லும் ஆணையும் ஒன்றே: ‘ஃபயர்’. 1770 மார்ச் 5 இரவு, பாஸ்டன் நகரின் கிங் தெருவில் அந்தச் சொல் பல வாய்களிலிருந்து வந்தது. சுங்க அலுவலகக் காவலுக்கு நின்ற பிரிட்டிஷ் சிப்பாய் ஒரு பையனைத் துப்பாக்கியால் அடித்ததில் கூட்டம் சேர்ந்தது. பனியுருண்டைகள் பறந்தன. தேவாலய மணி அடித்ததைக் கேட்டுத் தீ விபத்தென்று ஓடிவந்தவர்கள் அந்தச் சொல்லைக் கூவினார்கள். ‘தைரியமிருந்தால் சுடு’ என்று சிப்பாய்களைச் சீண்டியவர்களும் கூவினார்கள். காவலனை மீட்கச் சிறு படையோடு வந்த கேப்டன் தாமஸ் பிரஸ்டனும் கூவினாரா? குண்டுகள் வெடித்து ஐந்து பேர் மாண்டபின் எஞ்சிய கேள்வி அது.

நகரத்தார் 96 வாக்குமூலங்களைத் திரட்டி அச்சிட்டார்கள். அவற்றில் நடந்தது படுகொலை. ராணுவத் தரப்பு வாக்குமூலங்கள் லண்டனில் அச்சாயின. அவற்றில் நடந்தது தற்காப்பு. பால் ரிவியரின் செதுக்கோவியத்தில் பிரஸ்டன் வாளை உயர்த்தி ஆணையிடுகிறார். ஆனால் அவர் தோளில் கைவைத்துப் பேசிக்கொண்டிருந்த ரிச்சர்ட் பாம்ஸ், சொல் காதில் விழுந்தது, சொன்னது யாரென்று தெரியாது என்றார். தீர விசாரித்தால் மெய் தெரியும் என்பார்கள். இங்கே விசாரித்த பிறகும் தெரியவில்லை. அப்படியானால் அறம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

ஐயத்தின் பலனைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் கொடுப்பது என்பது நீதிமன்றத்தின் விடை. பிரிட்டிஷ் வரிக்கொள்கையை எதிர்த்த ஜான் ஆடம்ஸே, ஊர் வெறுத்த அந்தச் சிப்பாய்களுக்காக வாதாடினார். பிரஸ்டன் விடுதலையானார். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேரும் விடுதலை. இருவர் மட்டும் கொலையாகாத மரணம் விளைவித்ததற்காகக் கட்டைவிரலில் சூடு வாங்கினர். 1768இல் இந்த ஊருக்குள் படையை இறக்கியது சரியா என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. ஆனால் அரசின் தவறுக்காக, குற்றம் உறுதியாகாத ஒரு சிப்பாயைத் தூக்கிலிடுவதும் நீதியாகாது. அந்த அளவில் ஆடம்ஸ் செய்தது அறமே.

இடறல் அடுத்த அடியில் இருக்கிறது. இறந்தவர்களில் ஒருவர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ். ஆப்பிரிக்க, அமெரிக்கப் பூர்வகுடி வழிவந்தவர். அவர் கட்டையால் தாக்கினார் என்று ஒரு சாட்சி சொன்னார். கட்டையில் சாய்ந்து நின்றார் என்று இன்னொருவர் சொன்னார். இதுவும் ஐயத்துக்கு இடமானதுதான். ஆனால் ஆடம்ஸ் அவரது தோற்றமே யாரையும் நடுங்கவைக்கும் என்று வாதிட்டு, பழியின் பெரும்பங்கை அவர்மேல் ஏற்றினார். கூட்டத்தையும் கறுப்பர், அயர்லாந்துக்காரர், மாலுமிகள் என்று பிரித்துக் காட்டினார். உயிரோடிருந்தவருக்குக் கிடைத்த ஐயத்தின் பலன், பதில் சொல்ல இயலாத பிணத்துக்குக் கிடைக்கவில்லை.

எதிர்த்தரப்பும் தப்பவில்லை. குண்டடிபட்டு ஒன்பது நாள் கழித்து இறந்த பேட்ரிக் கார், சிப்பாய்கள் தற்காப்புக்காகவே சுட்டிருக்க வேண்டும், தன்னைச் சுட்டவனை மன்னிக்கிறேன் என்று மருத்துவரிடம் சொல்லியிருந்தார். தனக்கு எந்த லாபமும் இல்லாத சாட்சியம். அது பிழையாகவும் இருக்கலாம். சொன்னதை ஆராய்ந்து மறுத்திருக்கலாம். ஜானின் உறவினர் சாமுவேல் ஆடம்ஸோ, அவர் அயர்லாந்துக் கத்தோலிக்கர் என்பதைச் சுட்டிக்காட்டியே அந்த வார்த்தைகளை மட்டம்தட்டினார்.

இரண்டு தரப்பும் ஒரே தராசைத்தான் பிடித்திருந்தன. தட்டில் வைத்தது சாட்சியத்தை அல்ல, பிறப்பை. இருட்டில், கூச்சலில், அச்சத்தில் நேர்ந்த முரண்பாட்டை மன்னிக்கலாம். வெளிச்சத்தில் உட்கார்ந்து நிறுத்ததை அப்படி மன்னிக்க முடியாது.

1888இல் பாஸ்டனில் அந்த ஐவருக்கு நினைவுச்சின்னம் எழுந்தபோதும், அவர்கள் கலகக்காரர்கள் என்று எதிர்ப்பு வந்தது. தியாகி, கலகக்காரர் இரண்டுமே சாட்சியங்கள் தாங்கக்கூடியதைவிடக் கனமான சொற்கள். சுட்டவருக்குக் கொடுத்த ஐயத்தின் பலனில் சுடப்பட்டவருக்கும் பங்குண்டு. அதைக் கொடுத்தால் பிரஸ்டனும் கொலைகாரராக மாட்டார், அட்டக்ஸும் பூதமாக மாட்டார்.