வகுப்பறையில் யாருடைய குரல்?

ஒரு பாடசாலையின் தரத்தை அளக்க வேண்டுமாயின், அதன் கட்டடத்தையும் பரீட்சைத் தேர்ச்சியையும் பார்ப்பது நம்மவர் வழக்கம். நாம் வேறோர் அளவுகோலைச் சொல்ல விரும்புகிறோம். முதல் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் அறைக்கு வெளியே சிறிது நேரம் நின்று, உள்ளேயிருந்து யாருடைய குரல் வருகிறதென்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் உபாத்தியாயரின் குரல் கேட்கும். பிறகு எல்லாப் பிள்ளைகளும் ஒருமிக்கத் திருப்பிச் சொல்லும் இரைச்சல். மறுபடியும் உபாத்தியாயரின் குரல். தனியாக ஒரு பிள்ளையின் குரல் எப்பொழுது வந்தது? நாள் முழுவதும் தன் குரலைத் தானே ஒரு தடவையும் கேளாமல் வீடு திரும்பும் பிள்ளைகள் உண்டு. அவர்களை 'அடக்கமான பிள்ளைகள்' என்று நாம் மெச்சுகிறோம். அந்த அடக்கத்தில் அச்சம் எவ்வளவு என்பதுதான் இங்கே நம் கேள்வி.

கூட்டமாக ஒப்பிக்கும் முறையை அடியோடு பழிப்பது நம் நோக்கமன்று. ஏடு அருமையாயிருந்த காலத்தில், திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நினைவையும் நாவையும் நம்பியே கல்வி நடந்தது. சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல மற்றவர் பின்னே சொல்வர். மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் அவ்வழக்கத்தைக் கண்ட ஆண்ட்ரூ பெல் என்பார், சென்னையில் தம் பொறுப்பிலிருந்த அநாதைச் சிறுவர் விடுதியில் அதைக் கையாண்டு, 1797இல் நூலாக வெளியிட்டு இங்கிலாந்துக்கும் கொண்டு சென்றார். கூட்டத்தோடு சொல்லும்போது கூச்சம் தெளியும். ஓசை நாவிற் படியும். ஆனால் தெரியாத பிள்ளை மறைந்துகொள்ளத் தக்க இடமும் அந்தக் கூட்டந்தான். வாயை மட்டும் அசைத்து ஆண்டுகளைக் கழித்துவிடலாம்.

இந்த நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பாடசாலை வேண்டுமென்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டத்துக்காக எழுந்த பாடசாலைகளிற் பல, ஒரு கொட்டகையும் ஓர் உபாத்தியாயருமாகவே இருந்தன. பல வகுப்புகள் ஒரே கூரையின் கீழ். அந்தக் கூரையும் தகரம். மழை பிடித்தால் கத்தினாலொழியக் கேளாது. அன்று கத்திய உபாத்தியாயரை நாம் குறை கூறமாட்டோம். ஆயினும் பிள்ளை அக்குரலை வேறோரிடத்தில் முன்பே கேட்டிருந்தது என்பதை மறக்கலாகாது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் உரத்துப் பேசியவர் யார், தலை குனிந்து 'சரிங்க' என்றவர் யார் என்பதை லயத்துப் பிள்ளைக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பாடசாலையிலும் அதே குரல் கேட்டபோது அப்பிள்ளை கற்ற முதற்பாடம், குரல் என்பது அதிகாரம் உள்ளவர்களின் உடைமை என்பதே. அப்படிக் கற்றவர்கள் வளர்ந்தபின் ஆபீசில் கிராணியின் முன்னும், ஆஸ்பத்திரியில் டாக்டரின் முன்னும் வாய் திறவாது நின்றார்கள். தம் சம்பளக் கணக்குத் தவறென்று தெரிந்தும் கேட்கவில்லை. தோட்டங்கள் கைமாறி, குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்தபின்னும் அந்த மௌனம் முற்றும் கழிந்துவிட்டதென்று நாம் நம்பவில்லை.

கூரையைப் பழிக்க முடியாத இக்காலத்திலும் கத்துவானேன்? கத்துவது உபாத்தியாயருக்கே கேடு. பேசும்பொழுது குரல்வளையிலுள்ள மடிப்புகள், ஆடவர்க்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேலும், பெண்டிர்க்கு ஏறத்தாழ இருநூறு தடவையும் அதிர்கின்றன. சிறுவர்க்கு இன்னும் அதிகம். கத்தும்போது அவை ஒன்றோடொன்று மோதித் தடிக்கின்றன. மற்றத் தொழிலாளரைவிட ஆசிரியர்களே குரல் கேட்டால் மிகுதியும் வருந்துகின்றனர் என்பது பல நாடுகளிலும் ஆராய்ந்து கண்டது. குரலுக்கு மூலம் தொண்டையன்று, மூச்சு. இது மேனாட்டார் சொல்லித்தான் நாம் அறியவேண்டியதுமன்று. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தாகிறதென்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்குகிறது. இலக்கணம் என்று சொல்லி இதை நெட்டுருச் செய்விக்கிறோம். நிமிர்ந்து நின்று, வயிறு விரிய மூச்சிழுத்து, ஒரு வாக்கியத்தை அம்மூச்சிலே சொல்லிப் பார்க்கும்படி எத்தனை வகுப்புகளில் பழக்குகிறோம்?

குரலைப் பயிற்றுவதில் பேசாதிருப்பதும் ஒரு பகுதி. மேரி பட் ரோ என்னும் அமெரிக்க அம்மையார், வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவு செய்து ஆராய்ந்து, 1970களில் தம் முடிவுகளை வெளியிட்டார். கேள்வி கேட்ட உபாத்தியாயர் விடைக்காகக் காத்திருந்தது பெரும்பாலும் ஒரு நொடி, அல்லது அதற்கும் குறைவு. அதை மூன்று நொடியாக்கிய மாத்திரத்தில் விடைகள் நீண்டன. எப்பொழுதும் பேசாத பிள்ளைகளும் பேசின. மூன்று நொடிக்குச் செலவு எதுவுமில்லை. ஆனால் நாற்பது கண்கள் பார்த்திருக்க வாய் மூடி நிற்பது எளிதன்று. முயன்று பார்த்தவர்க்கே அது தெரியும்.

இவற்றினும் பெரிய தடை சிரிப்பு. வீட்டுப் பேச்சில் விடை சொன்ன பிள்ளையைப் பார்த்து வகுப்பே சிரிக்க, உபாத்தியாயரும் சேர்ந்து சிரித்தால், அந்த வாய் மறுபடி திறக்குமா? சிங்கப்பூரில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடமளிக்க வேண்டுமென்றது. மலேசியாவில் 2011இல் தொடங்கிய தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டமும் கேட்டல், பேச்சு ஆகியவற்றை முதலில் வைத்தது. ஏட்டில் வந்துவிட்டது, இனி உபாத்தியாயரின் முகத்தில் வரவேண்டும். பிழையைத் திருத்த வேண்டாமென்று நாம் கூறவில்லை. பிள்ளை சொல்லி முடிக்கட்டும். பிறகு செம்மையான சொல்லை உபாத்தியாயர் தம் மறுமொழியில் வைத்துச் சொன்னால் பிள்ளை அதை எடுத்துக்கொள்ளும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 'பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு சத்தமா' என்று வீட்டில் கேட்டு வந்தவளுக்கு, நிமிர்ந்து பேச வேறோர் இடமாவது இருக்கவேண்டும்.

மெல்லப் பேசும் பிள்ளையை 'சத்தமாய்ச் சொல்' என்று அதட்டுவது பயனற்றது. அதட்டலில் இருக்கிற குரலும் ஒடுங்கிவிடும். முதலில் உபாத்தியாயர் அதன் பக்கத்திலே போய் நின்று, தம் காதுக்கு மட்டும் கேட்கும்படி வாசிக்கச் சொல்லட்டும். சில நாள் சென்றபின் ஓரடி விலகி நின்று கேட்கட்டும், மறுவாரம் இன்னோரடி. கேட்பவர் இருக்கும் தூரத்துக்குப் பிள்ளை தானறியாமலே தன் குரலை அனுப்பும். உபாத்தியாயரின் முதுகு எதிர்ச்சுவரைத் தொட ஒரு பிள்ளைக்கு ஒரு மாதம் ஆகலாம், மற்றொன்றுக்கு ஓராண்டு ஆகலாம்.