வினையும் எதிர்வினையும்



சென்ற கோடை விடுமுறையில் நம் ஊர் ஜினாலயத்தில் சிறுவர்க்கு அறநெறி வகுப்பு நிகழ்ந்தது. வினைக் கோட்பாட்டை விளக்கும் பணி நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் அறிந்த ஒன்றிலிருந்து தொடங்குவதே முறையெனக் கருதினோம். "ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டென்று நியூட்டன் 1687ஆம் ஆண்டில் எழுதினார். அதனையே நம் தீர்த்தங்கரர்கள் பன்னெடுங்காலத்திற்கு முன்னரே அருளிவிட்டனர்" என்று பெருமிதத்தோடு உரைத்தோம். மேடைதோறும் நாம் கேட்டுப் பழகிய செய்திதானே இது!

பதினோராம் வகுப்பு பயிலும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, எதிர்வினை அதே கணத்தில் தோன்றும் என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் வினைப்பயன் மட்டும் ஏன் அடுத்த பிறவிவரை காத்திருக்கிறது?" என்றாள். நம்மிடம் விடையில்லை. விடையில்லாதவர் வழக்கமாகச் செய்வதையே நாமும் செய்தோம். "ஆகமத்தில் ஐயம் கூடாதம்மா, உட்கார்" என்றோம். அவள் அமர்ந்தாள். வகுப்பு முடியும்வரை தலை நிமிரவில்லை.

அன்றிரவு நமக்கு உறக்கம் கொள்ளவில்லை. பேரனின் இயற்பியல் நூலை வாங்கிப் புரட்டினோம்.

விரலால் கல்லை அழுத்தினால் கல்லும் விரலை அதே அளவில் அழுத்துகிறது. நியூட்டனே தம் நூலில் காட்டிய சான்று இது. 100 கிராம் எடையுள்ள மாங்காயைப் பூமி ஏறத்தாழ 1 நியூட்டன் விசையால் இழுக்கிறது. அம்மாங்காயும் பூமியை அதே 1 நியூட்டன் விசையால் இழுக்கிறது. பூமியின் பொருண்மை மிகப் பெரிதாகலின் அதன் அசைவு நமக்குப் புலனாவதில்லை. இவ்விரு விசைகளுள் ஒன்று முந்தியது, மற்றது பிந்தியது என்பதில்லை. இரண்டும் ஒருங்கே தோன்றி ஒருங்கே மறைகின்றன. எதனை வினை என்பது, எதனை எதிர்வினை என்பது என்பதும் நாம் இடும் பெயரளவே. இரண்டும் ஒரே பொருளின்மீது செயற்படுவதுமில்லை. ஒன்று மாங்காயின்மீது, மற்றொன்று பூமியின்மீது.

இதனோடு நம் கோட்பாட்டை வைத்துப் பார்த்தபோது நாம் சொன்னது எத்துணைப் பிழையென்பது விளங்கிற்று. ஈரியா சமிதியோடு, நிலம் நோக்கி நடக்கும் முனிவரின் அடியில் அவர் அறியாமல் ஓர் எறும்பு பட்டு மடிகிறது. பாதம் எறும்பை அழுத்திய அளவே எறும்பும் பாதத்தை அழுத்தியிருக்கும். நடந்தவர் முனிவரா கொலைஞரா என்று இயற்பியல் வினவுவதில்லை. ஆனால் அம்முனிவருக்குக் கொலைவினை கட்டுவதில்லை என்பது நம் ஆசாரியர்களின் துணிபு. மாறாக, ஒருவன் அண்டை வீட்டானை அழிக்க இரவெல்லாம் கறுவிக்கொண்டு கிடக்கிறான்; கையை அசைக்கவுமில்லை. அங்கே விசையுமில்லை, எதிர்விசையுமில்லை. எனினும் வினை கட்டிவிட்டது.

நம்மை மயக்கியது ஒரு சொல்லேயாகும். விசைக்கும் எதிர்விசைக்கும் வினை, எதிர்வினை என்று பெயரிட்டதால், கன்மத்தைக் குறிக்கும் 'வினை'யும் அதுவே என்று கொண்டுவிட்டோம். தமிழின் வளம் சில வேளைகளில் இப்படியும் நம்மை வழுக்கி விடுகிறது.

சொல் மயக்கத்தோடு நின்றால் கேடில்லை. செய்தது எதுவோ அதற்கு முற்றும் சமமானது திரும்பியே தீரும் என்று கொண்டால், நிர்ஜரைக்கு இடமேது? தவத்தாலும் தியானத்தாலும் வினையை உதிர்க்கலாம் என்பதன்றோ நம் சமயத்தின் உயிர்நாடி! அதனை விட்டால் வீடுபேறும் இல்லை. நாம் அறியாமலே, பிள்ளைகளுக்கு மோட்ச வழியை அடைத்துக் காட்டிவிட்டோம். மற்றொன்றும் உண்டு. துக்க வீட்டிற்குச் சென்று, "என்ன செய்தார்களோ, அதற்குச் சமமாக அனுபவிக்கிறார்கள்" என்று கணக்கிடும் நாவும் இந்தச் 'சமம்' என்ற எண்ணத்திலிருந்தே முளைக்கிறது.

அம்மாணவியின் வினாவிற்கு விடை நம் நூலிலேயே இருந்தது. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் பந்தத்தை நான்காகப் பகுத்தார். பிரகிருதி வினையின் இயல்பு. ஸ்திதி அது தங்கும் காலம். அனுபாகம் அதன் பயனளிக்கும் கடுமை. பிரதேசம் ஒட்டிய வினைத்துகள்களின் அளவு. சினம் எழும் கணத்திலேயே கட்டு நிகழ்ந்துவிடுகிறது. அங்கே காத்திருப்பு இல்லை. காத்திருப்பது பயன் மட்டுமே. பிறனை அடிக்கக் கை ஓங்குவதற்கு முன்பே, சினந்தவன் தன் உயிரைத் தானே ஊறு செய்துகொண்டான். அடி விழலாம், விழாமலும் போகலாம். அவள் 'அதே கணத்தில்' என்று சொன்னது கட்டு நிகழும் கணத்திற்குப் பொருந்துவதை, வகுப்பு நடத்திய நாம் அறிந்திருந்தும் சொல்லத் தவறினோம்.

இவ்விதியில் தடுமாறியவர் நாம் மட்டுமல்லர் என்பது சிறிது ஆறுதல். வெற்றிடத்தில் உந்தித் தள்ளுவதற்கு எதுவுமில்லை, ஆகவே ராக்கெட் அங்கே இயங்காது என்று கருதிய நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், 1920 ஜனவரி 13 அன்று கோடார்டு என்னும் அறிஞரை எள்ளி எழுதியது. ராக்கெட் காற்றைத் தள்ளிச் செல்வதன்று. தன் வாயுவைப் பின்னே தள்ள, அவ்வாயு ராக்கெட்டை முன்னே தள்ளுகிறது. அப்பொல்லோ 11 புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அவ்விதழ் தன் பிழைக்கு வருந்தித் திருத்தம் வெளியிட்டது. கோடார்டு 1945ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். நாள்தோறும் பிரதிக்கிரமணம் ஓதும் நாம் நாற்பத்தொன்பது ஆண்டுகள் காத்திருக்கலாமா?

மகாவீரர் நிர்வாணம் எய்திய தீபாவளியை ஒட்டி வகுப்பு மீண்டும் கூடியது. முந்திய நாளே அம்மாணவியின் இல்லம் சென்று பொறுத்தருள வேண்டினோம். அவள் தாயார் பதறிப்போனார். அவளோ, "நீங்கள் வகுப்பிலேயே சொல்லுங்கள் ஐயா" என்றாள். அவ்வாறே எல்லார் முன்னிலையிலும் சொன்னோம். பின்னர்க் கரும்பலகையை அவளிடம் விட்டுப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்தோம்.

பின்வரிசையில் அமர்ந்திருந்த உழவர் ஒருவர், "மாடு வண்டியை இழுக்கும் அளவே வண்டியும் மாட்டை இழுக்குமானால், வண்டி நகர்வது எப்படியம்மா?" என்று கேட்டார். அவள் மாட்டின் குளம்படியில் பின்னோக்கி ஓர் அம்புக்குறி இட்டாள். மாடு நிலத்தைப் பின்னே உதைக்கிறது, நிலம் மாட்டை முன்னே தள்ளுகிறது என்றாள். பெரியவர் சற்றே எண்ணிப் பார்த்தார். "அதுதான் சேற்றில் குளம்பு வழுக்கினால் வண்டி நின்றுவிடுகிறது" என்றார்.